பள்ளம் தாண்டினால் வேறு ஒயின்

1677 மே 14. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக், பிரான்சின் போர்தோ நகரை ஒட்டியுள்ள பெசாக்கில் ஒரு திராட்சைத் தோட்டத்தைப் பார்க்கப் போனார். என்ன விலையானாலும் சரி, வாங்கி அனுப்புங்கள் என்று ஆங்கிலேயச் செல்வந்தர்கள் ஆளுக்கு ஆள் சொல்லியனுப்பிய ஒயின் அங்கேதான் விளைந்தது. போய் நின்றவர் கண்ணில் பட்டது மேற்கு நோக்கிய ஒரு சின்ன மேடு. வெறும் வெள்ளை மணல், அதில் கொஞ்சம் சரளைக்கல். இதில் எதுவும் விளையாது என்றுதான் யாருக்கும் தோன்றும் என்று குறித்துவைத்தார். அதைவிட அவரை யோசிக்கவைத்தது வியாபாரிகள் சொன்ன ஒரு சங்கதி. இந்தத் தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு பள்ளம். பார்வைக்கு இருபக்கமும் அதே மண். ஆனால் அந்தப் பக்கத்து ஒயின் இதற்குக் கிட்டவே வராது என்று அவர்கள் அடித்துச் சொன்னார்கள்.

அந்தத் தோட்டம்தான் ஷாத்தோ ஓ-பிரியோன். ஷாத்தோ என்றால் கோட்டை, மாளிகை. போர்தோ வட்டாரத்தில் திராட்சைத் தோட்டம், ஒயின் வடிக்கும் கூடம், பீப்பாய் அடுக்கிய நிலவறை எல்லாவற்றையும் சேர்த்து அந்த ஒரே சொல்லால் குறிப்பார்கள். இன்று ஒரு நல்ல ஒயின் பாட்டிலைக் கையில் எடுத்தால் எந்தத் தோட்டம் என்றுதான் முதலில் பார்க்கிறோம். அந்தப் பழக்கத்துக்கு வித்திட்டதில் இந்தத் தோட்டத்துக்கே முதலிடம் கொடுப்பேன். ஒயினை ஊர்ப் பெயராலும் துறைமுகப் பெயராலும் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், இது இன்ன நிலத்தில் விளைந்தது என்று பெயர் சொல்லி விற்று, அந்தப் பெயருக்காகவே கூடுதல் விலையும் வாங்கிக் காட்டியது இது.

அதற்கு முந்தைய நிலைமை தெரிந்தால்தான் இந்தக் காரியத்தின் அருமை புரியும். 1152இல் அக்கித்தேன் நாட்டு இளவரசி எலியனோர், ஹென்றி பிளான்டஜெனட்டை மணந்தாள். இரண்டே ஆண்டுகளில் அவர் இங்கிலாந்தின் அரசரானார். போர்தோவும் அந்தச் சீதனத்தோடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1453இல் காஸ்தியோன் போரில் பிரெஞ்சுப் படை வென்று மீட்கும்வரை ஏறக்குறைய 300 ஆண்டுகள் அந்த உறவு நீடித்தது. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் கப்பல் கப்பலாகப் போர்தோ ஒயின் இங்கிலாந்துக்குப் போகும். போனது இன்று நாம் அறிந்த அடர்சிவப்பு ஒயின் அல்ல. தோலோடு அதிக நாள் ஊறவிடாமல் வடித்த, வெளிர்நிறமான 'கிளாரே'. ஆங்கிலேயர் நாவில் அது 'கிளாரட்' ஆயிற்று. பீப்பாயில் வந்ததைச் சூட்டோடு சூடாகக் குடித்துத் தீர்க்க வேண்டும். அடுத்த கோடை வருவதற்குள் புளிக்கத் தொடங்கிவிடும். புது ஒயின் துறைமுகத்தில் இறங்கியதும் பழையதன் விலை சரிந்துபோகும். யார் தோட்டத்து ஒயின் என்று கேட்க அங்கே யாருக்கும் அவசியம் இல்லை, எல்லாம் ஒன்றாகக் கலந்த சரக்கு.

இந்தக் கதைக்குள் போந்தாக் குடும்பம் நுழைவதும் ஒரு சீதனத்தின் வழியாகத்தான். 1525இல் ழான் தெ போந்தாக் என்பவர் ஒரு பெண்ணை மணந்தபோது, சீதனமாக இந்தப் பகுதியில் நிலம் வந்தது. 1533இல் ஓ-பிரியோன் மாளிகை உரிமையையும் விலைக்கு வாங்கினார். 1549இல் இன்றும் நிற்கும் அந்தக் கல் மாளிகையைக் கட்டத் தொடங்கினார். அந்தக் காலத்தில் 101 வயது வரை வாழ்ந்தவர். மூன்று முறை மணம் முடித்து 15 பிள்ளைகளைப் பெற்றவர். நீண்ட ஆயுள் என்பதை விட, அவர் வாங்கி வாங்கிச் சேர்த்த நிலத்தைத்தான் பெரிதாகச் சொல்ல வேண்டும். சிதறிக்கிடந்த துண்டுகளை அவர் ஒரே தோட்டமாக்காமல் போயிருந்தால், பின்னால் பெயர் வைப்பதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

பெயரை ஊரறியச் செய்தது 17ஆம் நூற்றாண்டில் வந்த அர்னோ தெ போந்தாக். போர்தோ உயர் நீதிமன்றத்தின் தலைவர். பணமும் செல்வாக்கும் உள்ள மனிதர். ஒயினை ஓர் ஆண்டுக்கு மேல் கெடாமல் வைத்திருந்து முதிரவிடும் முறைகளில் பலவற்றை அவருடைய தோட்டம் முன்னின்று கையாண்டது என்றே ஒயின் வரலாறு எழுதுபவர்கள் சொல்கிறார்கள். முறைகள் எளியவைதான், ஆனால் சோம்பல் இல்லாமல் செய்ய வேண்டும்.

மரப்பீப்பாயின் துளைகள் வழியாக ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் குறையும். குறைந்த இடத்தில் காற்று புகுந்தால் ஒயின் வினிகராகிவிடும். ஆகவே அவ்வப்போது அதே ஒயினை ஊற்றி விளிம்புவரை நிரப்பிவைக்க வேண்டும். இது முதல் வேலை. இரண்டாவது, தெளிவை இறுப்பது. செத்த ஈஸ்ட்டும் பழச் சதையும் பீப்பாயின் அடியில் மண்டியாகப் படிந்துவிடும். அதைக் கலக்காமல் மேலே நிற்கும் தெளிந்த ஒயினை மட்டும் வேறு பீப்பாய்க்கு இறக்க வேண்டும். போர்தோ நிலவறைகளில் இதைச் செய்யும் விதம் பார்க்க அழகானது. பீப்பாயின் கீழ்ப்பகுதியில் உள்ள துளையைத் திறந்துவிட்டு, வேலையாள் ஒரு கையில் கண்ணாடிக் கோப்பையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஒயினை வாங்கி, எரியும் மெழுகுவத்தி முன்னால் காட்டுவார். சுடர் பளிச்சென்று ஊடுருவித் தெரியும்வரை இறங்கிக்கொண்டே இருக்கலாம். ஒரு மெல்லிய புகைபோல மங்கல் தெரிந்த அந்தக் கணத்தில் துளையை அடைத்துவிடுவார். ஒரு கோப்பை அளவு கூடினாலும் மண்டி கலந்துவிடும், குறைந்தாலும் நல்ல ஒயின் வீணாகும். மூன்றாவது, காலியான பீப்பாய்க்குள் கந்தகத் திரியைக் கொளுத்திப் புகையவிட்டுக் கிருமியைக் கொல்வது.

இவை சேர்ந்ததும் போர்தோவின் சிவப்பு ஒயினுக்கு ஆயுள் கூடியது. ஆயுள் கூடினால்தான் அடையாளமும் நிற்கும். ஆறு மாதத்தில் புளித்துப்போகும் பொருளுக்குப் பெயர் வைத்து என்ன பயன்?

பெயர் லண்டனுக்கும் போயிற்று. 1660இல் அரசர் இரண்டாம் சார்லஸின் நிலவறைக் கணக்கில் 169 பாட்டில் 'ஹோப்ரியோனோ' என்று பதிவாகியிருக்கிறது. 1663 ஏப்ரல் 10 அன்று சாமுவேல் பீப்ஸ் என்ற கடற்படை அலுவலர் லண்டனில் ஒரு மதுவிடுதியில் குடித்ததை நாட்குறிப்பில் எழுதினார்: 'ஹோ பிரையன்' என்று ஒரு பிரெஞ்சு ஒயின், நல்ல ருசி, இதுவரை கண்டதிலேயே மிகவும் தனித்த ருசி என்று. பின்னாளில் வந்த அமெரிக்கர் ஒருவர் 'ஓப்ரியான்' என்று எழுதினார். யாருக்கும் எழுத்துக்கூட்டத் தெரியவில்லை, காதில் விழுந்தபடி எழுதினார்கள். எழுத்து நிலைபெறும் முன்பே பெயர் வாய்க்கு வாய் பரவிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. பீப்ஸ் 'தனித்த ருசி' என்றதும் முக்கியம். நல்ல ஒயின் என்று பொதுவாகச் சொல்லாமல், மற்றதிலிருந்து பிரித்தறியக் கூடியது என்றார். அர்னோ தெ போந்தாக் விற்க நினைத்ததும் அந்த வேற்றுமையைத்தான்.

1666இல் லண்டன் மாநகரம் தீப்பிடித்து எரிந்தது. அது அடங்கிய பின் அர்னோ தன் மகன் பிரான்சுவா-ஒகுஸ்தை அங்கே அனுப்பி ஒரு விடுதி திறக்கவைத்தார். வாசல் பலகையில் தந்தையின் முகம், விடுதியின் பெயர் 'போந்தாக்ஸ் ஹெட்'. நல்ல பிரெஞ்சுச் சமையலும் சொந்தத் தோட்டத்து ஒயினும் ஒரே இடத்தில் கிடைத்ததால் லண்டனின் எழுத்தாளர்களும் அறிஞர்களும் அங்கே திரண்டார்கள். விலை மலிவில்லை. 1711இல் ஜொனாதன் ஸ்விஃப்ட் அங்கே சாப்பிட்டுவிட்டு வந்து எழுதிய கடிதத்தில், குப்பி 7 ஷில்லிங்தான், மற்றவர்களைவிட மலிவாகவே விற்கிறேன் என்று கடைக்காரர் சொன்னதைக் குறிப்பிட்டு, நல்ல விலைதான் என்று முகம் சுளிக்கிறார். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. விளைவிப்பவரே கடல் கடந்து போய்க் கடை வைத்து, குடிப்பவரிடம் நேராகத் தன் பெயரைச் சொல்லி விற்பது அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல். இடைத்தரகர் கையில் விட்டிருந்தால் ஓ-பிரியோனும் மற்ற சரக்கோடு சரக்காய்க் கலந்து போயிருக்கும்.

சரி, மண்ணுக்கு வருவோம். லாக் குழம்பிய இடம் அது. கிராவ் என்று அழைக்கப்படும் இந்தப் பகுதியின் பெயருக்கே சரளை என்றுதான் பொருள். பனியுகங்களில் கரோன் நதி உருட்டிக் கொண்டுவந்து குவித்த கூழாங்கற்கள் இவை. நெல்லுக்கும் கோதுமைக்கும் இது உதவாது. திராட்சைக்கு இந்த ஏழ்மையே வரம். மழைநீர் தேங்காமல் சல்லடையில் விட்டதுபோல் வழிந்துபோகும். ஆகவே கொடி தண்ணீரைத் தேடி ஆழத்துக்கு வேரை இறக்கும். சத்து குறைவானதால் இலையும் தழையுமாகச் செழிக்காமல் சிறிய பழமாகக் காய்க்கும். சிறிய பழத்தில் சாற்றுக்குத் தோல் விகிதம் அதிகம். சிவப்பு ஒயினின் நிறம், மணம், டானின் தரும் துவர்ப்பு எல்லாம் தோலில்தான் இருக்கின்றன. பகலில் கற்கள் வாங்கிய வெயில் இரவிலும் பழத்தைச் சூடாக வைத்துப் பழுக்க உதவும். மேற்பரப்பில் ஒன்றாய்த் தெரியும் இரண்டு நிலங்களில், சரளையின் ஆழமும் அதற்கு அடியில் இருக்கும் களிமண்ணும் வேறுபட்டால் கொடிக்குக் கிடைக்கும் நீரும் வேறுபடும். பள்ளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒயின் மாறுவதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஆளுயரத்துக்குக் கீழே இருக்கலாம்.

லாக் வந்துபோய் 110 ஆண்டுகள் கழித்து, 1787 மே மாதம், இன்னொருவர் அதே மண்ணைப் பார்க்க வந்தார். அப்போது பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன். அவரும் மணலைத்தான் பார்த்தார், அதில் ஏறக்குறைய அதே அளவு உருண்டைச் சரளை, மிகக் கொஞ்சம் வண்டல் என்று கணக்கெழுதினார். போர்தோவின் முதல்தரத் தோட்டங்கள் நான்கு என்று பட்டியலிட்டார்: மர்கோ, லத்தூர், லஃபீத், ஓ-பிரியோன். உறவினர் ஒருவருக்கு 1784ஆம் ஆண்டு விளைந்த ஓ-பிரியோனை அனுப்பிவைத்து, போர்தோவின் மிகச் சிறந்ததற்கு இது மாதிரி என்று எழுதினார். 1855இல் அரசு கேட்டுத் தரகர்கள் தயாரித்த தரவரிசைக்கு 68 ஆண்டுகள் முன்பே அந்த நால்வர் பெயர் வாடிக்கையாளர் வாயில் முடிவாகிவிட்டது.

அந்த 1855 பட்டியலைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டார். போர்தோ தரகர்கள் நாவால் ருசி பார்த்து மதிப்பெண் போடவில்லை, பல ஆண்டுகளாக எந்தத் தோட்டத்து ஒயின் என்ன விலைக்குப் போனது என்ற பேரேட்டை வைத்தே ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார்கள். சிவப்பு ஒயின் பட்டியலில் இடம்பெற்ற மற்ற எல்லாத் தோட்டங்களும் நகருக்கு வடக்கே மெதோக் பகுதியைச் சேர்ந்தவை. தெற்கே கிராவிலிருந்து சேர்க்கப்பட்டது ஓ-பிரியோன் ஒன்றுதான், அதுவும் முதல் வகுப்பில். விலைப் பேரேட்டை வைத்துப் பிரிக்கும்போது இரண்டு நூற்றாண்டுகளாக லண்டன் கொடுத்த விலையை யாராலும் ஒதுக்க முடியாது. 1973இல் மூத்தோன் ரோத்ஷில்த் முதல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டது நீங்கலாக அந்த வகுப்பில் இன்றுவரை மாற்றம் இல்லை.

இடையில் உரிமையாளர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். போந்தாக் வழியில் இருந்து திருமண உறவால் தோட்டம் ஃபுமேல் குடும்பத்துக்குப் போனது. புரட்சிக் காலத்தில், 1794இல், ழோசெஃப் தெ ஃபுமேல் கில்லட்டினில் கொல்லப்பட்டார். 1801 முதல் 1804 வரை நெப்போலியனின் வெளியுறவு அமைச்சர் தாலேரான் வைத்திருந்தார். 1836இல் லாரியூ என்ற வங்கியாளர் ஏலத்தில் எடுத்தார். அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தபோதுதான் 1855 வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலை சரிந்து, பொருளாதார மந்தமும் சேர்ந்து கஷ்ட காலம். 1935இல் அமெரிக்க வங்கியாளர் கிளாரன்ஸ் தில்லன் வாங்கினார். அடுத்து வந்த போரில் மாளிகை முதலில் பிரெஞ்சு வீரர்களுக்கு மருத்துவமனையாகவும், ஆக்கிரமிப்புக்குப் பின் ஜெர்மானிய விமானப்படையினரின் ஓய்வில்லமாகவும் இருந்தது. தில்லன் குடும்பமே இன்றும் உரிமையாளர். 1975இல் அவர் பேத்தி ஜோன் பொறுப்பேற்றார், 2008 முதல் ஜோனின் மகன், லக்சம்பர்க் இளவரசர் ராபர்ட்.

உரிமையாளர் பெயர்கள் பளபளப்பாக இருக்கின்றன. ஒயினை ஆக்கிய கைகள் வேறு. 1923இல் ழோர்ழ் தெல்மாஸ் இங்கே வேலைக்குச் சேர்ந்தார். அவர் மகன் ழான்-பெர்னார் 1961இல் பொறுப்பேற்றார். இந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குப் பின் மகன் ழான்-பிலிப். ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக அதே கொடிகளோடு பழகும்போது, எந்த மூலையில் பழம் முதலில் பழுக்கும், எந்தத் துண்டில் மழைக்குப் பின் கால் புதையும் என்பதெல்லாம் கையோடு வந்துவிடும். என்னைக் கேட்டால் ஓ-பிரியோனின் மரபு அந்தக் கல் மாளிகையைவிட இவர்கள் கையில்தான் அதிகம் இருக்கிறது.

ழான்-பெர்னார் வந்த 1961இல் செய்த காரியம் போர்தோவில் பலரையும் திகைக்கவைத்தது. மரத்தொட்டிகளை எடுத்துவிட்டு எவர்சில்வர் தொட்டிகளை வைத்தார். முதல் வகுப்புத் தோட்டங்களில் அதுவே முதல்முறை. பால் பதப்படுத்தும் தொழிற்சாலையா இது என்று மரபில் ஊறியவர்களுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் காரணம் ருசியோடு நேரடியாகத் தொடர்புடையது. சர்க்கரை ஆல்கஹாலாக மாறும்போது வெப்பம் பிறக்கும். சுமார் 35 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் துவண்டு நின்றுவிடும். மிச்சமிருக்கும் சர்க்கரையில் வேண்டாத பாக்டீரியா புகுந்து ஒயினைப் புளிக்கவைக்கும். கடும் வெயில் ஆண்டுகளில் பழம் அருமையாக இருந்தும் தொட்டியில் நாசமானது இப்படித்தான். மரம் வெப்பத்தை உள்ளேயே அடக்கிவைக்கும். உலோகத் தொட்டியின் மேல் குளிர்ந்த நீரை வழியவிட்டால் சில மணி நேரத்தில் சூடு தணிந்துவிடும். 17ஆம் நூற்றாண்டில் கந்தகத் திரி, 20ஆம் நூற்றாண்டில் எவர்சில்வர். இரண்டும் ஒரே கவலைக்கான மருந்து: அந்த நிலத்தின் ருசி வழியில் கெட்டுவிடக் கூடாது.

எழுபதுகளில் அவர் கொடிகள் பக்கம் திரும்பினார். ஒரே ரகத்திலேயே கொடிக்குக் கொடி வித்தியாசம் உண்டு. ஒன்று அதிகம் காய்க்கும், ஒன்று மணம் மிகுந்து காய்க்கும். நூற்றுக்கணக்கான கொடி வழிகளைத் தனித்தனியே நட்டு, தனித்தனியே ஒப்பிட்டுப் பார்த்து, இந்தச் சரளைக்கு ஒத்தவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு திராட்சைக் கொடி முழு வளர்ச்சிக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்பது விளங்கும்.

இப்போது கோப்பைக்கு வருவோம். தோட்டம் சுமார் 50 ஹெக்டேர், ஏறக்குறைய 125 ஏக்கர். கொஞ்சம் வெள்ளைத் திராட்சையைத் தவிர மீதி எல்லாம் சிவப்பு ஒயினுக்கு. மெதோக்கின் முதல் வகுப்புத் தோட்டங்களில் கபெர்னே சொவிஞ்யோன் என்ற திராட்சை ரகம்தான் ஆதிக்கம். இங்கே மெர்லோவும் ஏறக்குறைய அதற்குச் சமமாக நடப்பட்டிருக்கிறது, கூடவே கபெர்னே ஃப்ரான். கபெர்னே சொவிஞ்யோன் முதுகெலும்பு, துவர்ப்பும் ஆயுளும் அதனுடையவை. மெர்லோ சதை, உருண்டையான மென்மையும் பழச்சுவையும் அதிலிருந்து வரும். கபெர்னே ஃப்ரான் மணத்தை உயர்த்தும். ஒவ்வொரு துண்டு நிலத்துப் பழத்தையும் தனித்தனித் தொட்டியில் நொதிக்கவிட்டு, பின்னர் குளிர்காலத்தில் ருசி பார்த்துக் கலவையை முடிவு செய்வார்கள். தேர்வில் சேராதது இரண்டாம் ஒயினாகப் போகும். 'பஹான்ஸ் ஓ-பிரியோன்' என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட அது, 2007 அறுவடையிலிருந்து, தோட்டத்தை வாங்கிய கிளாரன்ஸ் தில்லன் நினைவாக 'லெ கிளாரன்ஸ்' ஆனது.

முதல் ஒயின் ஓக் பீப்பாயில் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகக் கிடக்கும். அதற்கான பீப்பாய்ப் பட்டறையும் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இளமையில் கருஞ்சிவப்பாக, அடக்கமாக இருக்கும். வயதாக ஆக விளிம்பு செங்கல் நிறத்துக்கு மாறும். அப்போதுதான் இதன் அடையாள மணம் எழும் என்று சுவைப்பவர்கள் ஒரு குரலாய்ச் சொல்கிறார்கள்: புகையிலை, சுருட்டுப் பெட்டி, வெயிலில் காய்ந்த செங்கல், லேசான புகை. மெதோக்கின் பெரிய ஒயின்களின் இறுக்கம் இதில் இருக்காது, பட்டுபோல் வழுக்கிக்கொண்டு இறங்கும். 1945, 1961, 1989 அறுவடைகள் இன்றும் பேசப்படுபவை. 1989 பற்றிப் பேசும்போது அளந்து பேசும் விமர்சகர்கள்கூட வார்த்தையை அள்ளித் தெளிக்கிறார்கள். பாட்டிலும் தனி. 1958 அறுவடையிலிருந்து, மற்ற போர்தோ பாட்டில்களின் சதுரத் தோளை விட்டு, பழைய கண்ணாடிக் குடுவைகளை ஒத்த சரிவான தோளுள்ள உருவம். இருட்டு நிலவறையில் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

லாக் வந்தபோது சுற்றிலும் வயலும் காடுமாக இருந்த இடம் இப்போது நகரத்துக்குள் அகப்பட்டுவிட்டது. போர்தோ வளர்ந்து வளர்ந்து பெசாக்கை விழுங்கியது. நான்கு பக்கமும் வீடுகள், சாலைகள், போக்குவரத்து. கிராவின் எத்தனையோ பழைய தோட்டங்கள் இப்படித்தான் மனைகளாகிப் போயின. அவற்றின் சரளைக்கு மேல் இன்று கான்கிரீட் இருக்கிறது, அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. நினைக்கும்போது மனம் கனக்கிறது. தப்பியவற்றுக்கு நகரம் எதிர்பாராத ஒரு நன்மையும் செய்கிறது. கட்டடங்களின் வெப்பத்தால் இங்கே குளிர் சற்றுக் குறைவு. வசந்தகாலப் பனியின் பாதிப்பு குறைகிறது, பழமும் முந்திப் பழுக்கிறது. ஐந்து முதல் வகுப்புத் தோட்டங்களில் அறுவடைக் கத்தரி முதலில் இறங்குவது வழக்கமாக இங்கேதான். 1987இல் நகரை ஒட்டிய வடக்குக் கிராவைத் தனியாகப் பிரித்து 'பெசாக்-லெயோன்யான்' என்று அரசு அறிவித்தபின், எஞ்சிய தோட்டங்களுக்குப் பெயரளவில் ஒரு காப்பும் கிடைத்தது.

லாக் சொன்ன அந்தப் பள்ளத்தை நினைவூட்டும் இடம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஓ-பிரியோனுக்கு எதிரே, சாலையைத் தாண்டினால், லா மிஸ்யோன் ஓ-பிரியோன். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து புரட்சிவரை வின்சென்ட் தெ பவுல் சபைத் துறவிகள் பயிரிட்ட தோட்டம். இரண்டும் பல தலைமுறை போட்டியாளர்கள். 1983இல் தில்லன் குடும்பம் அதையும் வாங்கியது. ஒரே உரிமையாளர், ஒரே தெல்மாஸ் குழு, அதே ரகங்கள், அதே சரளை. இரண்டையும் ஒன்றாக்கி ஒரே பெரிய தோட்டமாக விற்றிருக்கலாம், செய்யவில்லை. இந்தப் பக்கத்துப் பழம் இந்தப் பக்கத்துத் தொட்டிக்கு, அந்தப் பக்கத்துப் பழம் அந்தப் பக்கத்துத் தொட்டிக்கு. லா மிஸ்யோன் பொதுவாகத் திடமும் அடர்த்தியுமாக, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். ஓ-பிரியோன் நளினமாக, மணத்தில் நீளும். 1677இல் வியாபாரிகள் லாக்கிடம் அடித்துச் சொன்னதை, ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் ஒரே குழு இரண்டு கோப்பைகளை அருகருகே வைத்துச் சோதித்துப் பார்க்கிறது.